பதிவாளர் முதலில் போட்ட கையெழுத்து

ஆகஸ்டு பதினான்கு, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. பொத்தேரியில் மழைக்கு முந்தைய புழுக்கம். எங்கள் துறையின் கண்காணிப்பாளர் ஏழுமலை என் படிவத்தைத் தொடவே மறுத்தார்.

ஸ்வீடனில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பின், இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கௌரவப் பேராசிரியனாக இருக்கிறேன். திருவிடந்தைக் கிணறுகளில் கடல்நீர் ஏறுவதை ஆராய வெளியே ஒரு நிறுவனத்திடம் நிதி கேட்கும் விண்ணப்பம் அது. கெடு அன்று மாலை ஐந்து மணி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாலே என் ஆய்வு மாணவி கலைச்செல்வியின் உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் நீட்டிக்கும். சேராவிட்டால் அந்த மாதத்தோடு நின்றுவிடும்.

அனுப்புவதற்கு உள்ளே ஐந்து பேரின் கையெழுத்து வேண்டும். ஸ்வீடனில் ஐவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவோம். காபியை முதலில் குடித்து முடித்தவர் முதலில் போடுவார். அதே புத்தியில், காலையில் லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்ட பதிவாளரிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். ஐந்தில் அவர்தான் கடைசி, உச்சி.

“இன்னா சார் இப்பிடி பண்ணிகினு வந்துக்கிறீங்க?” என்றார் ஏழுமலை. “பெரியவரே போட்டாரு. இனிமே எச்ஓடி ‘பரிந்துரைக்கிறேன்’னு எழுதினா, யாருக்குப் பரிந்துரைக்கிறாரு?”

“கையெழுத்து கையெழுத்துதானே?”

“கல்யாணம் முடிஞ்சி பந்தியும் போட்டாச்சி. இப்போ போயி பொண்ணு பாக்கச் சொல்றீங்க.”

துறைத்தலைவர் பதிவாளரின் பச்சை மையைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, படிவத்தைப் பயபக்தியோடு என்னிடமே திருப்பித் தந்தார். புதுப் படிவம் எடுத்துக் கீழிருந்து ஏற வேண்டுமாம். ஏறினேன். ஏழுமலை, துறைத்தலைவர், நிதி அலுவலர், டீன் என நான்கு கையெழுத்தும் நாலேகாலுக்குள் விழுந்தன. பதிவாளர் மைதானத்தில் மறுநாள் கொடியேற்றத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய் நீட்டினேன்.

“காலைலயே போட்டேனே சார்? ஒரே திட்டத்துக்கு ரெண்டு தடவ போட்டா ஆடிட்ல நான் மாட்டிப்பேன். மொதல்ல அத ரத்து பண்ணச் சொல்லி கீழேருந்து ஒரு நோட் போட்டு அனுப்புங்க.”

ஸ்வீடனில் என் விண்ணப்பங்கள் பல முறை மரியாதையாக நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து மணி தாண்டிவிட்ட இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படும் தகுதியைக்கூட எட்டவில்லை. ஊர் திரும்பலாமா என்று அங்கிருந்து கேட்கும் நண்பர்களுக்கு இதையே பதிலாக வைக்கிறேன்.

“வுடுங்க சார், சிறுசேரி ஐடி கம்பெனில ஆளு எடுக்கறாங்க,” என்றாள் கலைச்செல்வி. “நீங்க ஸ்வீடனுக்கே போயிடுங்க. அங்கேருந்து அனுப்பினா வெளிநாட்டுப் புரொஃபசர்னு அன்னிக்கே போட்டுத் தருவாங்க.”

அவளைச் சிறுசேரிக்கு விட மனமில்லை. அந்த நிறுவனம் அடுத்து விண்ணப்பம் கேட்க ஆறு மாதம் ஆகும். அதுவரை என் ஓய்வூதியம் ஸ்வீடனிலிருந்து குரோனாவாகக் கிளம்பி, செங்கல்பட்டு வங்கியில் ரூபாயாகி, கலைச்செல்வியின் உதவித்தொகையாகத் திருவிடந்தைக் கிணற்றடிக்குப் போகிறது: மாதம் பதினெட்டாயிரம் வீதம், ஒரு லட்சத்து எட்டாயிரம்.