ஆமையைக் காப்பாற்றிய ஞாயிறு

போன ஞாயிறு காலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு வலையைக் கொன்றோம்.

வலைக்கு உயிர் உண்டா? இருந்தது. சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு சேவை. பிள்ளைகளுக்குச் சமூக அக்கறை வர வேண்டுமாம். ஒருங்கிணைப்பாளர் நான். இந்த மாதம் கடற்கரைச் சுத்தம். கையுறை, தொப்பி, சாக்கு, கத்தரிக்கோல் எல்லாம் தயார். பார்க்கிங் எங்கே, டாய்லெட் எங்கே, வெண்பொங்கல் எந்தக் கடையில் – எல்லாம் விசாரித்தாயிற்று.

முந்தின நாள் கிளப் ஹவுஸில், எங்கள் குடியிருப்பு ரமேஷ் படம் போட்டுக் காட்டினார். வலையில் சிக்கிச் செத்த ஆமை. கண் திறந்தபடி... பிள்ளைகள் தேம்பினார்கள். அவர் மகள் நிலா, எட்டு வயது, இரவு சாப்பிடவே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை கடல் ஈயம் போலக் கனத்துக் கிடந்தது. ஒரு வாரப் புயல் எச்சரிக்கை அப்போதுதான் விலகியிருந்தது. அலை துப்பிய செருப்பு, பாட்டில், பொம்மைக் கை. பெரியவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஒரு படகின் பக்கத்தில் நீல வலைக் குவியலைக் கண்டார்கள்.

சாக்குக்குள் அது போகவில்லை. கத்தரித்தார்கள். கத்தரிக்கு அடங்காத கயிற்றை ரமேஷே கத்தியால் அறுத்துக் கொடுத்தார். என்ன சுறுசுறுப்பு! நான் கை தட்டினேன்.

மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"அய்யோ... இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க? எங்க வலை சார் அது!"

"ஆன்ட்டி, இதுல ஆமை மாட்டிக்கும்," என்றாள் நிலா, மூச்சிரைக்க. "நாங்க காப்பாத்திட்டோம்!"

"ஆமை மாட்டுனா நாங்களே வலைய அறுத்து வுட்ருவோம் பாப்பா. இனிமே அறுக்க இன்னா கீது இதுல?"

ஒரு வாரம் கடலுக்குப் போகாத வீடு. மறுநாள் விடியலில் போவதற்காகக் கிழிசலைத் தைத்து வைத்திருந்த வலை. இருப்பது அது ஒன்றுதான். அவள் புருஷன் ஏழுமலை வந்தார். சாக்கைக் கவிழ்த்து, துண்டுகளை மணலில் பக்கம் பக்கமாக அடுக்கினார் – விபத்து நடந்த இடத்தில் உடல்களை அடுக்குவார்களே, அப்படி.

ரமேஷ் போனை எடுத்தார். "எவ்ளோன்னு சொல்லும்மா, இப்பவே அனுப்பிடறேன்."

"அனுப்பு நைனா, வேணான்னு சொல்லல. நாளிக்கி காத்தால கடலுக்கு இன்னாத்த எடுத்துக்கினு போறது? உன் போனையா வீசுறது?"

அப்புறம்தான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. நாங்கள் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு அவசரமாக வண்டி ஏறினோம். பொங்கல் ஆறிவிடும் அல்லவா?

ரமேஷின் காரில் நிலா கேட்டாள். "அந்த ஆன்ட்டி ஏம்மா அழுதாங்க?"

"ஆமை பொழச்சிடுச்சுல்ல... அந்தச் சந்தோஷம்டா செல்லம்," என்றாள் அவள் அம்மா.

முன் சீட்டில் இருந்தேன். திரும்பவில்லை.

சொல்லியிருக்கலாம். குழந்தை மனசு தாங்காது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். தாங்காதது யார் மனசு?

திங்கள் காலை தனியாகப் போனேன். படகுகள் எல்லாம் கடலில். ஒன்று மட்டும் கரையில். அதன் நிழலில் ஏழுமலை வலைத் துண்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தார், தலை நிமிராமல். விரல்கள் மட்டும் ஓடின. செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், தனியா வந்துக்கீற? புள்ளைங்க வர்லியா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்காங்கம்மா."

"போவட்டும்," என்றாள். "அங்கியாவது யார்னா எதுனா சொல்லிக் குடுக்கட்டும்."