எலுமிச்சம்பழம் பட்ட வாள்

வாள் செய்யிற வேலை எண்டால் நெருப்பும் சுத்தியலும்தான் எண்டு ஆக்கள் நினைக்கினம். பத்திலை ஒன்பது பங்கு தேய்ப்புத்தான். லண்டனிலை கையிலை அம்பிட்ட வேலையைச் செய்து நாரி முறிஞ்சவைக்கு நான் சொல்லுறது விளங்கும்.

எண்ணெய்த் தொட்டி

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை, நோர்பரிக்குக் கிட்ட ஒரு ரயில் பாலத்துக்குக் கீழை இருந்த பட்டறையிலை எனக்கு வேலை. ஓவன் எண்ட வேல்ஸ்காரர், மியூசியத்திலை பார்த்த பழைய வாள் மாதிரி, இரண்டு கையாலும் பிடிக்கிற நீட்டு வாள் ஒண்டு கேட்டவர். பிடியிலை அவையின்ரை பழங்கதையிலை வாற ஏரித் தேவதையும் இருக்கவேணுமாம். பழுக்கக் காய்ச்சி எண்ணெய்க்குள்ளை விட, முதல் அலகு 'டிக்' எண்டு வெடிச்சுது. இரண்டாவதும் அப்பிடித்தான். முதலாளி ஜோர்ஜ் சத்தம் போடேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுச் சொன்னார்: "மூண்டாவதும் வெடிச்சால், நீர் திரும்பப் பெற்றோல் ஷெட்டுக்கே போகலாம்."

விஜயதசமி

மூண்டாவது தப்பிச்சுது. ஆறு கிழமை, அதாவது ஒண்டரை மாதம், கையாலை தேய்ச்சு, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தன். அப்ப பார்த்து ஆயுதபூசையும் விஜயதசமியும் வந்திட்டுது. தொழில் சாமானைச் சரஸ்வதிக்கு முன்னாலை வைக்காமல் விடுறதோ? ஜோர்ஜுக்குச் சொல்லாமல், போர்வையாலை சுத்தி, பஸ்ஸிலை வீட்டை கொண்டு போனன். சந்தனம், குங்குமம், மேலை வெட்டின எலுமிச்சம்பழம். விடிய எடுத்துப் பார்த்தால், எலுமிச்சம்புளி பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறக் கறை. அது ஸ்டெயின்லெஸ் இல்லை எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? மடையன்! என்ரை மனுசி கமலா எட்டிப் பார்த்தா: "என்ரை தையல் மெசினுக்கும்தான் பொட்டு வைச்சனான். அதுக்கு ஒண்டும் நடக்கேல்லையே!"

ஓவன் வந்த நாள்

இரண்டு நாள் தேய்ச்சன், கறை போயிட்டுது. ஜோர்ஜுக்கே தெரியேல்லை. ஓவன் வந்து வாளைத் தூக்கிப் பார்த்தார், கண் கலங்கிட்டுது. செத்துப்போன தம்பியின்ரை பேரிலை அதை வேல்ஸிலை ஒரு ஏரிக்குள்ளை போடப்போறாராம். பழைய ஆக்கள் தண்ணிக்கு அப்பிடித்தான் குடுத்தவையாம். ஒருத்தருக்கும் படைக்காத புது வாளாய் இருக்கவேணுமாம்.

நானோ அதைச் சரஸ்வதிக்குப் படைச்சாச்சு. பிள்ளையாருக்குச் சாத்தின பூவை எடுத்து முருகனுக்குச் சாத்துவமோ? வேலை போனால் போகட்டும் எண்டு நடந்ததைச் சொன்னன். பயமாய்த்தான் இருந்தது. ஜோர்ஜின்ரை முகம் சிவந்துது. ஓவன் வாளை மெதுவாய் மேசையிலை வைச்சார்: "இது உம்மடை அம்மனுக்குக் குடுத்தது. என்ரை தம்பிக்கு வேறை ஒண்டு செய்யும். உம்மைத் தவிர வேறை ஆரும் அதைத் தொடக்கூடாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த வாளோடை அண்டைக்கே தேய்ப்பு முடிஞ்சிருக்கும். உண்மையைச் சொன்ன பாவத்துக்கு இன்னுமொரு ஆறு கிழமை தேய்ச்சன்.