கார்த்திகைப்பூவுக்கு ஒரு முள்ளுக்கம்பி

எங்கள் வாகரை வீட்டு வேலியில் படரும் கார்த்திகைப்பூக் கொடியை நட்டவள் என் மனைவியின் தங்கை. சுனாமி அவளையும் வேலியையும் கொண்டுபோனது. மண்ணுக்குள் கிடந்த கிழங்கை விட்டுவிட்டது. அடுத்த மாரியில் அது முளைத்தபோது மனைவி கொம்பு நட்டு, ஆடு கடிக்காமல் காத்து, என்னைவிட நன்றாகவே அதைப் பார்த்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்த வருடம் கொடி நிறையப் பூ. ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் தன் மாவீரருக்கு வைத்த பூ என்பதால் பக்கத்து வீட்டுக்காரன் சீண்டினான்.

"மச்சான், ஆமி கண்டா கொடியோட சேத்து ஒன்னையும் புடுங்குவானுகள்."

நான் பெரிய வீரன். மறுநாள் ஒழுங்கைக்குள் ஆமியின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பாய்ந்துபோய்க் கொடியை அறுத்தேன். பூக்களைச் சாரத்துக்குள் திணித்து, பிள்ளைத்தாச்சி வயிற்றோடு வாசல் படலையில் நின்றேன்.

வந்த ஆமிக்காரன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, என் சாரத்திலிருந்து நழுவி விழுந்த பூவை எடுத்தான்.

"நியங்கலா," என்று சிங்களத்தில் அதன் பேரைச் சொன்னான். பிறகு உடைந்த தமிழில், "எங்கட அம்மா வீட்டிலயும் இருக்கு. ஏன் புடுங்கினது?"

நான் வெறுஞ்செம்பை வாங்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்தேன். அவன் போனதும் மனைவி வாய் திறந்தாள்.

"கடல் விட்டுவச்சத நீங்க புடுங்கிப் போட்டீங்க."

அதன்பின் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. அடுத்த மாரியில் கிழங்கு மறுபடி முளைத்தது. அவள் அதைச் சுற்றி முள்ளுக்கம்பி கட்டினாள்.

"ஆட்டத்தான் வித்துட்டமே," என்றேன்.

"ஆட்டுக்கில்ல. ஒங்களுக்கு."

இன்றும் கம்பிக்கு வெளியே நின்றுதான் பூப் பார்க்கிறேன். அவள் கட்டியது சரிதான். சப்பாத்துச் சத்தம் கேட்டால் என் கை இன்னும் பரபரக்கிறது.