மில் கேட்டுக்கு எதிரே ஒரு டீ

மைசூரில் மூடிப்போன நூல் மில்லின் கேட் மட்டும் அப்படியே நிற்கிறது. உள்ளே அடுக்குமாடி வீடுகள். எதிரே இருக்கும் டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.

"சர்க்கரை போடவா, வேண்டாமா?" கடைக்கார அம்மா கத்துகிறார். இடையில் இரண்டடி தூரம்கூட இல்லை.

"ஏம்மா கத்துறீங்க? எனக்குக் காது நல்லாவே கேக்குது," என்கிறேன் எரிச்சலோடு.

அவர் முகம் சுண்டிப்போகிறது. "தப்பா நெனைக்காதீங்க சார். இருபத்தஞ்சு வருஷம் இந்த மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தேன். மெஷின் சத்தத்துல கத்தினாத்தான் பக்கத்து ஆளுக்கே கேக்கும். இப்ப சொல்ப, கொஞ்சமாவது மெதுவாப் பேசலாம்னாலும் ஆகறதில்ல. திட்டறேன்னு நெனச்சு மருமகளும் தனியாப் போயிட்டா."

"அப்ப மில்லுல தூரத்துல நிக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்கிறேன்.

"அவங்களுக்குச் சத்தமே வேண்டாம். வாய அசைச்சாப் போதும், புரிஞ்சுக்குவாங்க."

ஏன் கத்துறீங்க என்று கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. டீயைப் பார்த்தபடி குடிக்கிறேன்.

ஒரு ஆட்டோ டிரைவர் வந்து டீ கேட்கிறார். அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரிடம் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கிறார். டிரைவர் விழிக்கிறார், ஒன்றும் புரியவில்லை.

எனக்குப் புரிகிறது. சர்க்கரை போடவா, வேண்டாமா?