பெட்டி மேல் நின்ற மாதா

போன அக்டோபர் மாதம் என் வீட்டில் இட்லித் தட்டு காணாமல் போனது. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நானேதான் எந்தப் பெட்டியிலோ போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். எந்தப் பெட்டி என்றுதான் தெரியவில்லை. ஊரை விட்டுப் போகப்போகிறேன் என்று ஒரு நாள் சாமானைக் கட்டுவேன். போகவில்லை என்று மறுநாள் பிரிப்பேன். பாதி பிரிக்கும்போதே, போனால்தான் என்ன என்று தோன்றும். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன்.

அந்தக் குழப்பத்தில் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோர்வையாகச் சொல்ல வருமா தெரியாது. நடந்ததும் கோர்வையாக நடக்கவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள், அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பக்கத்துப் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிற ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பிறகு லைன் சூப்பர்வைசர். அப்புறம் ஒரு மாடி முழுக்க என் பொறுப்பில் விட்டார்கள், ஃப்ளோர் இன்சார்ஜ் என்று பெயர். எங்கள் மாதா கோயில் பங்கில் தெருத்தெருவாகக் குடும்பங்கள் கூடி செபிக்கிற அன்பியம் இருக்கிறது இல்லையா, எங்கள் தெரு அன்பியத்துக்கும் நான்தான் பொறுப்பாளர். ஆக, பகலில் பெண்கள் "அக்கா, இன்னா பண்ணலாம்?" என்று என்னைக் கேட்பார்கள். சாயங்காலமும் அதே பெண்களில் பாதிப் பேர் அதையே கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

என் கணவர், மகள் பள்ளிக்கூடம் போகும்போதே ஆண்டவரிடம் போய்விட்டார். அந்த அக்டோபருக்கு முந்தின மே மாதம் மகளும் கல்யாணமாகி மைசூர் போய்விட்டாள். முதல் தடவையாக வீட்டில் நான் ஒருத்தி. ஒரு டம்ளர் அரிசி போட்டால் ரெண்டு நாளைக்கு வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியைத் தும்கூர் பக்கம் மாற்றுகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பீனியா மாடி டிசம்பரோடு மூடிவிடும்.

எங்கள் மேனேஜர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். என்னை மட்டும் கூப்பிட்டு, அங்கே கிராமத்துப் பெண்களை எடுக்கிறோம், அவர்களைப் பழக்கிப் புது யூனிட்டை நடத்த நீங்கள் வர வேண்டும், தங்க ரூம் தருகிறோம், மாசக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். போனால், என் வயசுக்கு இனி எங்கேயும் கிடைக்காத வேலை. ஆனால் இந்தத் தெருவையும் கோயிலையும் விட வேண்டும். இருந்தால், தெருவில் மாதா கோயில் இருக்கும், அடுப்பில் ஒன்றும் இருக்காது.

மகளுக்குப் போன் பண்ணினேன். "அம்மா, உனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதையே செய்" என்றாள். அது தோன்றாமல்தானே அவளுக்குப் போன் பண்ணினேன்! பங்குத்தந்தையிடம் கேட்டேன். "செபம் பண்ணுங்கம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் செபித்துக்கொண்டேதான் குழம்பிக் கிடந்தேன்.

அடையாளம் கேட்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று, ஆண்டவரே, முதலில் தும்கூர் பஸ் வந்தால் போகிறேன், ஊருக்குள் போகிற மெஜஸ்டிக் பஸ் வந்தால் இருக்கிறேன் என்றேன். ஒரு தண்ணீர் லாரி வந்து முன்னால் நின்றது. எதற்கு நின்றது என்று இன்றுவரை தெரியாது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கம்பெனியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமாக லூர்து. என் லைனில் பட்டன்ஹோல் போடுகிறவள், எங்கள் தெருதான், அன்பியத்திலும் இருக்கிறாள். தினமும் கேட்பாள்: "அக்கா, நீ இன்னா முடிவு பண்ணிருக்க? நீ சொன்னா நாங்களும் அதுக்குத் தகுந்த மாரி பண்ணிப்போம்." நான் கெத்தாக, "செபத்துல வெச்சிருக்கேன், சொல்றேன்" என்பேன். என்னைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது என்று நினைப்பு. எனக்குத்தான் அது இல்லை என்று தெரியும்.

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதா சுரூபம், அதாவது சிலை, மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். இன்று ஒரு வீட்டில் செபமாலை சொல்லி வைத்தால், நாளை சாயங்காலம் பாட்டுப் பாடி அங்கிருந்து தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். வந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத்தான் போகணும், திரும்பிப் போகக் கூடாது. எந்த நாள் எந்த வீடு என்று முடிவு செய்வது நான். அந்த வருஷம் எல்லார் வீட்டையும் சேர்த்துவிட்டு, என் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். வேறென்ன செய்வது? ஹாலில் கால் வைக்க இடமில்லை. பாதி கட்டின பெட்டி, பாதி பிரித்த பெட்டி, சுவரில் படங்களைக் கழற்றின ஆணி. அதைப் பார்த்தால், அக்கா நம்மிடம் சொல்லாமலே கிளம்புகிறாள் என்று நினைப்பார்கள். யாராவது கேட்டால், ஒற்றை ஆள் வீடு, எதற்குச் சிரமம் என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நல்லவேளை யாரும் கேட்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மாதம் பாதி தாண்டியிருக்கும். அன்றைக்கு பிலோமினா வீட்டுக்கு மாதா போகணும். தூக்கிக்கொண்டு போகிறவர் சவரியப்பன் அண்ணன். மெழுகுவர்த்தி, பாட்டு எல்லாம் சரி. போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தால், மருமகளுக்கு வலி எடுத்து எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். பிலோமினாவுக்கு மாதா ஞாபகமே இருந்திருக்காது, பாவம்.

சந்தில் நின்றோம். சவரியப்பன் அண்ணன் மாதாவைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பிடிக்கிறார். தூற ஆரம்பித்துவிட்டது. "வந்த வூட்டுக்கே கொண்டு போயிடலாமா?" என்று யாரோ கேட்க, "அது வழக்கமில்ல" என்று நாலு பேர் கத்தினார்கள். நான் மனதில் ஒவ்வொரு வீடாக ஓட்டிப் பார்க்கிறேன். அதற்குள் லூர்து சொல்லிவிட்டாள்: "எதுக்கு யோசிக்கிறீங்க? அக்கா வூடு பக்கத்துலதான இருக்கு!"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சாவி இல்லை என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மாதா முகத்துக்கு நேராக நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

கதவைத் திறந்தேன். லைட்டைப் போட்டேன்.

பாட்டு அப்படியே நின்றுவிட்டது. சவரியப்பன் அண்ணன்தான், "எங்கம்மா வெக்கிறது? கை வுட்டுப் போவுது" என்றார். மேசையில் பாத்திரம் குவிந்திருந்தது. நடு ஹாலில் கயிறு கட்டின பெரிய பெட்டி ஒன்று. அதன்மேல் என் துப்பட்டாவை விரித்தேன். மாதாவை அதன்மேல் வைத்தார். இருக்கிற பெட்டிகள் மேலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். செபமாலை சொன்னோம். வாய் சொன்னதே தவிர, மனசு முழுக்க லூர்துவின் முதுகிலேயே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

செபமாலை முடிந்தால் மன்றாட்டு. ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தை, எதற்காகச் செபிக்கணும் என்பதை, சொல்ல, நான் அதைச் சேர்த்து செபிப்பேன். பிலோமினா மருமகளுக்காக, பையன் பரீட்சைக்காக, மூட்டு வலிக்காக என்று சொல்லி வந்தார்கள். கடைசியில் லூர்து திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா, அழுகையா, எனக்குப் புரியவில்லை.

"உன் கருத்து இன்னாக்கா? எல்லாருதும் வாங்கிக்கிற. உன்னுது ஒருநாளும் சொன்னதில்ல."

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வரவில்லை. "தெரியல லூர்து" என்றேன். "போறதா இருக்கிறதா, எனக்கு ஒண்ணுமே தெரியல. கட்டுறேன், பிரிக்கிறேன். இட்லித் தட்டு எங்கன்னுகூடத் தெரியல." அதைச் சொல்லிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். எத்தனையோ பேருக்குச் செபித்த நான், எனக்கென்று ஒரு வார்த்தை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது லூர்து செபித்தாள். அவள் அதுவரைக்கும் கூட்டத்தில் வாய் திறந்து செபித்ததே இல்லை. "மாதாவே, அக்காவுக்குத் தெரியல. எங்களுக்கும் தெரியல. நீயே பாத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான். ஆமென் என்றார்கள். யாரோ என் அடுப்பில் டீ போட்டார்கள், டம்ளர் தேடிக் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை.

அழுதால் தெளிவு வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, மாதா முன்னால் நின்று கடைசி முறையாகக் கேட்டேன்: வலது பக்கம் பூ விழுந்தால் போகிறேன், இடது பக்கம் விழுந்தால் இருக்கிறேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். மாலையில் இருந்த பூவெல்லாம் வீடு முழுக்கப் பறந்தது. பெருக்கிக் கூட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ தாயே, இனி உன்னை அடையாளம் கேட்டு நச்சரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று மத்தியானம் கேன்டீனில் சாப்பிடும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறவர்கள், தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். லூர்து சொன்னாள்: "நேத்து ராத்திரி நெனச்சேன்க்கா. உனக்கே தெரியலன்னா, அப்ப நாங்களும் யோசிக்கணும்ல? இத்தினி நாளா நீ யோசிக்கிறன்னுட்டு நாங்க சும்மா இருந்துட்டோம்."

நான் பதில் இருக்கிற மாதிரி நடித்ததால், இத்தனை பெண்கள் தங்கள் பிழைப்பைப் பற்றி யோசிக்காமலே இருந்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. லூர்துவின் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், அவளால் ஊரை விட்டு வர முடியாது. ஆனால் பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளோடு போக ஒரு கூட்டம் தயாராக இருந்தது. இன்னொரு கூட்டத்துக்குத் தும்கூருக்கு வர ஆசை. ரூமில் தங்க முடியாது, காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்பணும், பிள்ளைகள் இருக்கின்றன. "கம்பெனி பஸ் விட்டா வருவோம்க்கா" என்றார்கள். பஸ்! போவதா இருப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே தவிர, தினமும் போய் வரலாமா என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாசக் கடைசியில் மேனேஜர் ரூமுக்கு நான் தனியாகப் போகவில்லை. வர ஆசைப்பட்ட பெண்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். "சார், நான் வர்றேனா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா இவங்களுக்கு என்ன வேணும்னு தெரியும். கேளுங்க" என்றேன். அவர் கொஞ்சம் முழித்தார். அவர்களும் பயந்து பயந்து கன்னடத்தில் சொன்னார்கள். தைக்கத் தெரிந்த ஆட்கள் கூடவே வந்தால் புதியவர்கள் சீக்கிரம் கற்பார்கள் என்று நான் சேர்த்துச் சொன்னேன். ஹெட் ஆபீஸில் கேட்கணும், ஸ்வல்ப டைம் கொடுங்கள் என்றார்.

மாதம் முடிந்தது. பதில் இல்லை. வீட்டில் பெட்டிகள் அப்படியே. ஆனால் இப்போது தெரு முழுக்க அந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம், "கட்டியாச்சா, பிரிச்சாச்சா?" என்று கிண்டல் பண்ணினார்கள். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். பயம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. தனியாகப் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாள் அன்று என் கணவர் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். காற்றில் அணைந்து அணைந்து போகிறது. அந்த நேரத்தில் மேனேஜர் போன். காலையில் கூட்டிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விட பஸ் சாங்ஷன் ஆகிவிட்டது, முதலில் ஆறு மாசத்துக்கு, அப்புறம் பார்ப்போம் என்றார். "நீங்க வர்றீங்க இல்ல?" என்று கேட்டார்.

"வர்றேன் சார்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான், ஐயோ சொல்லிவிட்டேனே என்று கல்லறை மேலேயே உட்கார்ந்தேன். அப்புறம் எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்து, "கேட்டியா, போறேன்" என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் தினமும் போய் வருகிறவளுக்கு வீட்டை விட வேண்டியதில்லையே, வந்து பெட்டிகளைப் பிரித்தேன். நடு ஹாலில் மாதா நின்ற பெட்டியைக் கடைசியில் பிரித்தேன். மேலே போர்வை, கீழே இட்லித் தட்டு. அந்தச் சாயங்காலம் எல்லார் முன்னாலும் அதைக் காணோம் என்று நான் அழுதபோது, மாதா அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போதும் ஸ்ரீராம்புரத்தில்தான் இருக்கிறேன். விடியும் முன்னே எழுந்து பஸ்ஸைப் பிடிக்கிறேன். முதுகு வலிக்கிறது. ஆறு மாசம் தாண்டியும் பஸ் ஓடுகிறது. எதுவரைக்கும் ஓடும் என்று தெரியாது. லூர்து பீனியாவிலேயே வேறு கம்பெனியில் இருக்கிறாள், இப்போது அவளும் சூப்பர்வைசர். அன்பியத்தில் மன்றாட்டை அவள்தான் நடத்துகிறாள். தும்கூரில் புதுப் பெண்கள், இந்தக் கம்பெனியாவது நிலைக்குமா மேடம் என்று கேட்கிறார்கள். முன்பென்றால் தைரியமாக ஏதாவது அளந்துவிட்டிருப்பேன். இப்போது, எனக்கும் தெரியாதும்மா, வா, எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்கிறேன். அதற்காக யாரும் என்னைக் குறைத்து மதிக்கவில்லை.

நான் கேட்ட அடையாளத்தை ஆண்டவர் தரவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் தரவில்லை, பூவிலும் தரவில்லை. பூட்டின ஒரு வீட்டை வழியில் வைத்து, என் வீட்டைத் திறக்க வைத்தார். அதற்கு அவருக்கு நன்றி. அன்றைக்குப் பிறந்த பிலோமினாவின் பேத்தி இப்போது தவழ்கிறாள். அந்தக் குழந்தையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் வரும்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது நாலு பேருக்கு வழி சொல்கிற இடத்தில் இருந்துகொண்டு, உங்களுக்கே வழி தெரியாமல் தவித்தால், ஒன்றுதான் சொல்வேன். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு மாதாவைக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். கதவைத் திறந்துவிடுங்கள். அவள் நிற்க ஒரு பெட்டி போதும்.