கடலுக்கு அடியில் பம்ப் ஓட்டினேன்

கடலுக்கு அடியில் சுரங்கம் போடும் தொழிலில் மண்ணைத் தோண்டுவது பாதி வேலை. உள்ளே கசியும் தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே கொண்டுபோய் ஊற்றுவது மீதி வேலை. அந்த மீதி வேலைதான் எனக்கு. ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டியை மாற்றி மாற்றி வைத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆற்றுத் தண்ணீர் ஆள்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுவரத் தூத்துக்குடிக் கரையிலிருந்து கடலுக்கு அடியில் சுரங்கம் போட்டார்கள். கரையில் பெரிய கிணறு போலக் குழி இறக்கி, அதன் அடியிலிருந்து கடலைப் பார்த்துத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். பம்ப் பார்க்க உள்ளே யார் இறங்குகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். தாமிரபரணி வயல்காட்டில் மோட்டாரோடு வளர்ந்தவன் நான். எனக்கு முன்னால் நின்ற லூர்து கடற்கரைக்காரன், என் வயதுதான் இருக்கும். திரும்பிப் பார்த்து எல்லாரும் கேட்கச் சொன்னான்:

"இவரு ஆத்துத் தண்ணி ஆளுல்லா! கடல் ஒரு சொட்டு ஒழுகட்டும், ஏணியில மொத ஆளா இவருதான் நிப்பாரு."

குழாய்ப் பேச்சு

தண்ணீருக்குப் பயந்து ஒரு படிகூட ஏறுவதில்லை, லூர்துவோடு ஒரு வார்த்தை பேசுவதுமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நம் நேரம், கீழே இரண்டு பம்புகளோடு நான். மேலே அவற்றுக்குக் கரண்ட் விடும் சுவிட்சில் லூர்து. நடுவில் ஒரு போன் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. தண்ணீர் வெளியேறும் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் போடு, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் இரண்டாவது பம்பையும் போடு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததில் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் இன்ஜினியர் மலர் மேடம் கோயம்புத்தூர்க்காரர். "போன் இருக்கறப்ப எதுக்குண்ணா குழாயைப் போட்டு அடிக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் பம்பைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். மேடமே மேலே போய் லூர்துவைக் கேட்டுவிட்டு வந்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னார்:

"போன்ல பேசுததுக்கு என்ன இருக்கு மேடம், கல்யாணப் பேச்சா நடக்கு?"

இலங்கைக்கு வழி

முத்தையாபுரம் டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றால், "அண்ணாச்சி, சுரங்கம் இலங்கை வரைக்கும் போவுமா?" என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். போகுமா என்று மேடத்திடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு உள்ளே மூச்சுக்காற்று அனுப்புவதே பெரும்பாடு. நடுக்கடலில் மேலே ஏறிவர வழி கிடையாது. ஓரிடத்தில் பாறை, பத்தடி தள்ளிப் போனால் சேறு. துளைக்கும் இயந்திரம் பாதியில் மாட்டினால் திருப்பி எடுக்கவும் முடியாது என்றார். "நம்ம சின்னச் சுரங்கத்துலயும் இதெல்லாம் இருக்குங்கண்ணா, அளவுதான் கம்மி."

அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் டீக்கடைக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். லூர்துவும் அங்கேதான் டீ குடிப்பான், வேறு பெஞ்சில். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு? லூர்து அண்ணாச்சிகிட்ட சொன்னா வள்ளத்துலயே கொண்டு விட்டுருவாரே."

ரப்பர் நழுவிய நாள்

சுரங்கத்தின் சுவர் என்பது வரிசையாக அடுக்கிய கான்கிரீட் வளையங்கள். வளையத்துக்கு வளையம் நடுவே ரப்பர் பட்டை. ஒரு மத்தியானம் பட்டை ஒன்று நழுவி, மணலும் தண்ணீருமாகப் பீய்ச்சி அடித்தது. மேடம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை மேலே போகச் சொன்னார். வளையத்துக்குப் பின்னால் சிமெண்ட் கூழை அழுத்தி அடைக்க ஆரம்பித்தார்கள். கூழ் இறுகும்வரை துளைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைத் தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் இயந்திரம் போச்சு, சுரங்கமும் போச்சு.

நான் நகரவில்லை. குழாயில் மூன்று தட்டினேன். அந்த இரைச்சலில் மேலே கேட்கவில்லை. மறுபடியும் பலங்கொண்டமட்டும் தட்டினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. போன் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

"ரெண்டாவதப் போடும் வே."

போனில் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. பிறகு என் பக்கத்தில் இரண்டாவது பம்ப் உறுமியது.

"போட்டாச்சு. நீரு மேல வந்திரும் வே," என்றான்.

"கூழ் இறுகட்டும்," என்று வைத்துவிட்டேன்.

தண்ணீர் தொடைவரை ஏறி, அங்கேயே நின்று யோசித்துவிட்டு, மெல்ல இறங்கியது. ஒழுக்கு நின்றது. மேடமும் அந்த இரண்டு பேரும் ஏறிய பிறகுதான் நான் ஏணியில் கால் வைத்தேன். உச்சிப் படியில் லூர்து கை நீட்டினான். பிடிக்காமலே ஏறினேன். நீட்டிய கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மொத ஆளா வருவீருன்னு சொன்னேன், கடைசி ஆளா வாரீரு. சரி வே, ஏணி விசயத்துல மட்டும் நான் சொன்னது தப்பு."

சுரங்கம் முடிந்து இப்போது நாங்கள் விட்ட வழியில்தான் கடல் வருகிறது, ஆனால் அவன் சொன்ன அந்த 'மட்டும்' என் மனசுக்குள்ளே தேங்கி நிற்பதை இறைக்கத்தான் எனக்கு இன்னும் ஒரு பம்ப் அகப்படவில்லை.