ஆல்டர் கன்னிக்கால்

எழுபதுகளின் நடுவில், என் தங்கையின் கல்யாணத்தை மெல்பேர்னில், மல்கிரேவில் இருந்த எங்கள் வீட்டில் வைத்தே செய்தோம். மாப்பிள்ளை என்னோடு வேலை செய்தவர். அவருடைய படத்தை மட்டும் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவள் தங்கை. பேசி முடித்தவன் நான். எது பிசகினாலும் பழி என் தலையில்தான்.

பஞ்சாங்கம் ஆனியில் முகூர்த்தம் சொன்னது. மெல்பேர்னில் அது கடுங்குளிர் என்பது பஞ்சாங்கத்துக்கு எங்கே தெரியும்? கல்யாணத்துக்கு முன் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். ஊரிலென்றால் முற்றத்தில் முள்முருக்கந்தடி ஒன்றை நட்டால் சில நாளில் துளிர்க்கும். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். இங்கே முள்முருக்குக்கு எங்கே போவது?

எங்கள் பின்வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு இங்கிலாந்துக் கிழவரின் காணியில் ஒரு பள்ளம். எந்நாளும் தண்ணீர் கசியும். அதில் அவர் நட்ட ஆல்டர் மரங்கள் ஏழெட்டு சேற்றில் கால் புதைத்து நின்றன. இலை இல்லை, ஆனால் கிளைகளில் ஊதா மொட்டுகள் இருந்தன. சேற்றிலேயே நிற்கிற மரம் எங்கே குத்தினாலும் பிடிக்கும் என்று நானாகவே முடிவு கட்டி, கிழவரிடம் கேட்டு, இடுப்பளவுத் தடி ஒன்று வெட்டிவந்து முற்றத்தில் ஊன்றினேன். பெரிய தாவரவியல் மேதை!

கல்யாணம் நன்றாக நடந்தது. இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். தங்கை தினமும் குசினி யன்னலால் அந்தத் தடியையே பார்ப்பாள்.

"அண்ணா, அது பட்டுப்போச்சோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லையடி. குளிருக்கு மரமெல்லாம் இப்பிடித்தான் நிக்கும்."

அவள் போனபின் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இல்லை. 

கிழவரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஊரில் ஆறு பரவும் தாழ்நிலங்களில் இந்த மரம் காடாகவே நிற்கும் என்றார். பயறு, உழுந்தின் வேரில் இருப்பதுபோல இதன் வேரிலும் முடிச்சுகள் உண்டாம். வெறும் சேற்றுக்கே உரம் சேர்க்குமாம். அந்த ஈரத்தை நம்பி எத்தனையோ செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் வாழ்கின்றனவாம். ஆனால் வெட்டிய தடி வேர்விடுவது அரிது. விதையில் முளைத்த கன்றுதான் வேண்டும் என்று, பள்ளத்தில் தானாக வந்திருந்த கன்றுகளைக் காட்டினார். அவற்றின் நடுவே புதிதாகத் தோண்டிய குழி ஒன்று தெரிந்தது. முயல் வேலை என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் தங்கை எழும்புமுன், தடியளவுக் கன்று ஒன்றைக் கிளப்பிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பட்டுப்போன தடி பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அந்த இடத்தில் மாப்பிள்ளை முழங்காலில் நின்று, ஒரு ஆல்டர் கன்றைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

என் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மச்சான். ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்து ஏங்கிறாள்."

என் கன்றை வேலியோரம் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். உடுப்புத் தோய்க்கும் மெஷினின் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும்படி இருவருமாக வாய்க்கால் வெட்டினோம்.

புரட்டாதியில், இங்கே வசந்தம் தொடங்கிய ஒரு காலை, தங்கை குசினிக்குள்ளிருந்து கத்தினாள்: "அண்ணா, கன்னிக்கால் துளிர்த்திட்டுது!"

"ஓம்" என்றேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.